காட்டில் படுத்தால் மட்டும் ஏன் எப்போதும் தாக்குதல் வருகிறது?

கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பழைய பால்டர்ஸ் கேட் என்ற கணினி கேமின் புதுப்பித்த பதிப்பை (என்ஹான்ஸ்ட் எடிஷன்) விளையாடுகிறீர்கள். காட்டுப் பகுதியில் குழுவைப் படுக்க வைக்கும்போதெல்லாம் கிப்பர்லிங் என்ற சிறு அரக்கர் கூட்டமோ ஓநாய்களோ வந்து எழுப்பிவிடுகின்றன. மந்திரவாதிக்கு இரண்டு ஹிட் பாயிண்ட் (உயிரளவு) மிச்சமிருக்கும் நேரம் பார்த்துத் தவறாமல் வருகின்றன. "கேம் எங்களைப் பார்த்துத்தான் அடிக்குது" என்கிறார் உங்கள் அறைத்தோழர். அதோடு, கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் நீங்கள் மூன்று பேர் சேர்ந்து கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்ன ரோல்-பிளேயிங் கேம் செய்கிறீர்கள்: பழைய காலத்தில் திருகோணமலையிலிருந்து வெருகல் வரை நடந்துபோகும் ஒரு யாத்திரைக் குழு. இரவுத் தங்கலில் தாக்குதல் வைத்தீர்கள். விளையாடிப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் படுப்பதற்கு முன் சேவ் பண்ணினார்கள், தாக்குதல் வந்தால் லோட் பண்ணி மறுபடி படுத்தார்கள். இதை என்ன செய்வது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கடைசியாக, பால்டர்ஸ் கேட்டில் இந்தத் தொல்லையை நிறுத்த வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஓய்வெடுப்பதற்கு ஒரு கேம் விலை கேட்கலாமா, கேட்டால் எதைக் கேட்கலாம்?

நான் கேம் நிறுவனம் எதிலும் வேலை செய்தவனல்ல. உவர்மலையில் இருந்துகொண்டு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமை இரவுகளில் ஐந்தாறு பேரைச் சேர்த்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையாட்டம் நடத்துகிறேன். பால்டர்ஸ் கேட் வகைக் கேம்களின் கோப்புகளைப் பிரித்துப் பார்ப்பது நெடுநாள் பழக்கம். எனவே கோப்பில் இருப்பதையும் விதிப்புத்தகத்தில் இருப்பதையும் பற்றி உறுதியாகக் கதைப்பேன். வடிவமைத்தவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் இடங்களில் அது என் ஊகம். விற்பனைக்கு ஒரு கேமைச் செய்து முடித்த அனுபவம் எனக்கில்லை, உங்கள் கேமுக்குச் சொல்லும் யோசனைகளை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கேம் உங்கள் காயத்தைப் பார்ப்பதில்லை. பால்டர்ஸ் கேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோப்பு உண்டு. கதவு எங்கே, பெட்டி எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள் என்பவற்றோடு, அங்கே படுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. வரக்கூடிய உயிரினங்களின் பட்டியல், அதிகபட்சம் 10. எழுப்பும்போது காட்ட வேண்டிய வரி. எத்தனை வரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு. கடுமையைக் குறிக்கும் ஓர் எண். பகலில் வாய்ப்பு இவ்வளவு, இரவில் இவ்வளவு என்று இரண்டு எண்கள். ஹிட் பாயிண்ட் எவ்வளவு மிச்சம், எத்தனை மந்திரம் கைவசம் என்று கேட்கும் இடமே அந்த அட்டவணையில் இல்லை. குழுவின் லெவல் மட்டும் வரும் கூட்டத்தின் அளவைப் பாதிக்கும். சத்திரத்தில் காசு கொடுத்து அறை எடுத்தால் இந்த வாய்ப்பைத் தீர்மானிக்கும் பகடையே (கேம் உள்ளே எடுக்கும் தற்செயல் எண்) உருளாது. அறை உயர்ந்ததாக இருந்தால் காயமும் கொஞ்சம் கூடுதலாக ஆறும்.

அப்படியானால் உங்கள் அறைத்தோழர் கண்டது என்ன? அவர் கண்டதும் உண்மைதான். நினைத்துப் பாருங்கள், காயமில்லாத குழுவை நீங்கள் எப்போதாவது படுக்க வைத்திருக்கிறீர்களா? அடிபட்டு, மந்திரம் தீர்ந்து, இனி ஒரு சண்டை தாங்காது என்ற நிலையில்தான் யாரும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் தாக்குதல் ஒவ்வொன்றும் பலவீனமான நேரத்தில்தான் வந்தாக வேண்டும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். இன்னொன்றும் சேர்கிறது. தொடக்க லெவல்களில் ஒரு தடவை படுத்தால் ஆறும் காயம் மிகக் குறைவு. அதனால் ஒரே காயத்துக்கு நாலைந்து தடவை அடுத்தடுத்துப் படுக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் பகடை புதிதாக உருளுகிறது. ஓர் உதாரணத்துக்கு, ஒரு தடவைக்கு வாய்ப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தடவையும் நிம்மதியாகத் தூங்கி எழும்பும் வாய்ப்பு 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 41 சதவீதம். மீதி 59 சதவீதத்தில் எங்கோ ஒரு தடவை யாராவது வந்து நிற்பார்கள். ஐந்தில் ஒன்று என்று எழுதியிருக்கும் எண், விளையாடுபவருக்குப் பாதிக்கு மேல் என்று தெரிவதன் கணக்கு இது. இடையில் எழுப்பப்பட்டதால் மந்திரமும் திரும்பக் கிடைக்காது, சண்டையில் பட்ட புதுக் காயத்துக்கு இன்னும் இரண்டு தடவை படுக்க வேண்டும். சுழல் இப்படித்தான் இறுகுகிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு வழி திறக்கும். 1974இல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் நிலத்தடிச் சுரங்கத்தில் நேரம் பத்து நிமிடத் துண்டுகளாக நகரும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நடத்துனர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார், 6 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று எதிர்ப்படும். ஒவ்வொரு ஆறு துண்டுக்கும் ஒன்றை ஓய்வுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதும் விதி. அதாவது நின்றாலும் நடந்தாலும் சுவரைத் தட்டிப் பார்த்தாலும் பகடை உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் காலத்து விதியில் அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி வந்தது எதிரியைக் கொல்வதிலிருந்து அல்ல, எடுத்துவரும் பொன்னிலிருந்து. அலைந்து திரியும் பிராணியிடம் பொன் பெரும்பாலும் இராது. ஆகவே அதைச் சந்திப்பது சுத்த நட்டம்: உயிர் போகும், மந்திரம் செலவாகும், கைக்கு ஒன்றும் வராது. பகடையின் வேலை நேரத்துக்கு ஒரு விலை வைப்பதுதான் என்று நான் வாசிக்கிறேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது நன்றாகவே விளங்கியிருக்கும். இங்கே இன்னொரு மணி நேரம் மினக்கெட்டால் அதற்குக் காசு கட்ட வேண்டும்.

கணினிக்கு வந்தபோது பகடை அப்படியே வந்தது, அதைத் தாங்கி நின்ற இரண்டு தூண்கள் வரவில்லை. ஒன்று, மேசையில் லோட் கிடையாது. செத்த மந்திரவாதி செத்ததுதான், சனிக்கிழமை பத்து மணிக்கு அவருடைய ஆட்டக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதுப் பாத்திரம் எழுதத் தொடங்குவார். கணினியில் அரை நிமிடத்தில் அந்த இரவையே அழித்துவிடலாம். மற்றது, பால்டர்ஸ் கேட் மாதிரிக் கேம்களில் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கிறது. நட்டமாக இருக்க வேண்டியது வருமானமாகிவிட்டது. குழு கொஞ்சம் பலம் பெற்றதும் அதே காட்டில் வேண்டுமென்றே படுத்துப் படுத்து, வருபவற்றைக் கொன்று லெவல் ஏற்றுகிறவர்கள் உண்டு. பலவீனமானவரை நசுக்கி, பலமானவருக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு எந்த நோக்கத்துக்கு உதவும் என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் நண்பர்கள் சேவ் பண்ணிவிட்டுப் படுத்ததில் அவர்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் கேட்ட விலையைக் கட்டாமல் போகக் கதவு திறந்திருந்தது, போனார்கள்.

இடையில் ஒரு விலகல். தற்செயல் போலத் தெரிந்தும் தற்செயல் இல்லாத தாக்குதல்களும் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மொரோவிண்ட் என்ற கேம் 2002இல் வந்தது, அதே ஆண்டு முடிவதற்குள் டிரிப்யூனல் என்ற விரிவாக்கமும் வந்தது. அதை நிறுவிய கையோடு, கப்பலில் இருந்து இறங்கிய புது ஆள் கூட எங்காவது படுத்தால் போதும், டார்க் பிரதர்ஹுட் கொலையாளி ஒருவன் தலைமாட்டில் நிற்பான். அது பகடையல்ல, புதுக் கதையைத் தொடக்கி வைப்பதற்கான ஸ்கிரிப்ட். முதல் லெவலில் அவன் கையால் செத்தவர்கள் ஏராளம். எப்படியோ கொன்றுவிட்டால் அவனுடைய கவசத்தை விற்ற காசில் தொடக்க நாட்களின் வறுமை முழுவதும் போய்விடும். மொரோவிண்டில் வழக்கமான இரவுத் தாக்குதலுக்கோ ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனியான உயிரினப் பட்டியல் இருக்கிறது, லெவலுக்கு ஏற்ப மாறுவது. இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் 2009இல் இன்னொரு பக்கம் போனது. அங்கே தங்குமிடம் முழுப் பாதுகாப்பு. தோழர்களோடு கதைக்கவும் பரிசு கொடுக்கவும்தான் போவீர்கள். மையக்கதை ஒரு கட்டம் தாண்டியதும் ஒரே ஒரு இரவு, கெட்ட கனவிலிருந்து விழித்தால் தங்குமிடத்துக்குள்ளேயே எதிரிகள் நிற்கிறார்கள். அந்த ஓர் இரவு மனதில் நிற்பதற்குக் காரணம் அதற்கு முந்தைய இரவுகள் எல்லாம் அமைதியாக இருந்ததுதான். உங்கள் யாத்திரைக் கேமில் கதைக்காக ஒரு தாக்குதல் வேண்டுமென்றால் இப்படி ஒன்றை எழுதி வையுங்கள், அதைப் பகடையிடம் கொடுக்காதீர்கள்.

ஓய்வுக்கு வேறு என்ன விலைகள் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்? பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2015இல் இரவுத் தாக்குதலை எடுத்துவிட்டு, தங்குவதற்கான பொருட்களுக்கு அளவு வைத்தது: நார்மல் கடுமையில் 4, ஹார்ட் கடுமையில் 2 மட்டுமே சுமக்கலாம். தாளில் பார்த்தால் அழகு. விளையாடும்போது, தீர்ந்ததும் சத்திரத்துக்கு நடந்து போய் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வருவதுதான் நடக்கும். ஆபத்துக்குப் பதிலாக அலுப்பு விலையானது. 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த அளவையே அவர்கள் கைவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பால்டர்ஸ் கேட் 3, 2023இல், ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 அளவு சாப்பாட்டுப் பொருள் கேட்கிறது, டாக்டிஷியன் கடுமையில் 80. பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு போகிறவருக்கு அது ஒரு விலையே இல்லை. அதில் எனக்குப் பிடித்தது வேறு. வழியில் ஒரு சத்திரம் எரிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுவிட்டு, களைப்பாக இருக்கிறதே என்று போய்ப் படுத்து எழும்பினால் உள்ளே சிக்கியிருந்தவர்கள் செத்திருப்பார்கள். எட்டு மணி நேரம் என்றால் உண்மையிலேயே எட்டு மணி நேரம் என்று அந்த ஓர் இடத்தில் கேம் காட்டிவிடுகிறது. ராத் ஆஃப் த ரைச்சஸ் என்ற 2021 கேமில் பேய்களின் மண்ணில் படுக்கப் படுக்க உடலில் ஒரு கறை ஏறும், அதைக் கழுவத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். இந்த விலை தாக்குதல் பகடையை நம்பியிருப்பதில்லை.

தாக்குதலை வைத்துக்கொண்டே சரியாகச் செய்தவை என்று நான் எண்ணுவது மூன்று. பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர், 2018: படுப்பதற்கு முன் யார் வேட்டைக்கு, யார் சமையலுக்கு, யார் தங்குமிடத்தை மறைப்பதற்கு, முதல் சாமக் காவல் யார், இரண்டாம் சாமம் யார் என்று ஆட்களை வைக்க வேண்டும். மறைப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் தாக்குதல் வருவது குறையும். வந்தாலும் காவலில் நிற்பவருக்குக் கண் கூர்மையாக இருந்தால் குழு ஆயத்தமாக எழும்பும். டார்க்கஸ்ட் டஞ்சன், 2016: விறகு ஒன்றோ இரண்டோதான், நெருப்பு மூட்டியதும் 12 ஓய்வுப் புள்ளி. அதைக் காயத்துக்குச் செலவழிப்பதா, மனவழுத்தத்துக்கா, இரவுத் தாக்குதலைத் தடுக்கும் காவலுக்கா? எல்லாவற்றுக்கும் போதாது. காவலை விட்டுவிட்டுப் படுத்தவருக்கு இருட்டில் விடியலாம். கேம் தானே சேவ் பண்ணிக்கொண்டே போவதால் திரும்பிப் போகவும் முடியாது. டிராகன்ஸ் டாக்மா 2, 2024: சண்டைகளில் உச்ச உயிரளவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஓய்வெடுத்தால்தான் மீளும், ஆகவே வழியில் தங்கியே ஆக வேண்டும். தங்குமிடத்தைச் சுற்றித் திரிபவற்றை முதலில் துரத்தாவிட்டால் இரவில் வந்து விழுகின்றன, சுமந்துவந்த கூடாரப் பொதியும் உடைந்து போகலாம். மூன்றிலும் படுப்பதற்கு முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரியும்.

தம்பலகாமத்தில் வயல் காவலுக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். பரணில் ஏறி இருக்கிறவர் யானை வருமா வராதா என்று பகடை உருட்டிக்கொண்டிருப்பதில்லை. காற்று எந்தப் பக்கம், நேற்று எந்த வரம்பில் கால் தடம், பக்கத்து வயல் அறுத்தாயிற்றா, யானைவெடி எத்தனை மிச்சம், முதல் சாமத்தில் யார், விடியற்சாமத்தில் யார் என்று பார்த்துத்தான் இருக்கிறார். வராமலும் போகலாம், எல்லாம் செய்தும் வந்துவிடலாம். அந்த நிச்சயமின்மை அவருக்குப் பழக்கமானது. ஒன்றும் செய்ய இடமில்லாமல் நித்திரையில் மிதிபட்டால் மட்டும் அதை அநியாயம் என்பார். உங்கள் நண்பர்களும் கேமைப் பற்றி அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேம். இங்கிருந்து வருவதெல்லாம் யோசனை, மேசையில் எனக்குச் சரிவந்தவை. முதலாவது, சண்டையிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் வழியில் இரவில் வரக்கூடியவை எத்தனையோ. அரிசியும் உப்பும் இருக்கும் இடத்துக்கு யானை வரும். மூட்டையைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்தவருக்கு மூட்டை மட்டும் போகும், தலைக்கு வைத்துப் படுத்தவருக்கு ஆள் போகும். வெறுந்தரையில் பாய் விரித்தால் கட்டுவிரியன்; அது நித்திரையில் இருப்பவர்களைக் கடிப்பதற்குப் பேர்போனது. மாரி தொடங்கிவிட்டால் நெருப்பு நிற்காது, நெருப்பு நில்லாவிட்டால் கரடிக்குப் பயமில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் படுப்பதற்கு முன் ஏதாவது செய்யலாம், ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லாமலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகும். சாப்பாடு போனால் அடுத்த நாள் நடை குறையும், யாத்திரை நாள் பிந்தும். வெருகல் கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று கதை இருந்தால் அந்த ஒரு நாளின் விலை ஆட்டக்காரருக்குத் தானாகவே விளங்கும். நூறு கிப்பர்லிங்கால் முடியாதது அது.

இரண்டாவது, சில இடங்களை முழுப் பாதுகாப்பாக வையுங்கள், அது ஆட்டக்காரருக்குத் தெரிந்திருக்கட்டும். தம்பலகாமம் கோணநாயகர் கோயில் மடத்தில் படுத்தால் ஒன்றும் வராது என்ற நிச்சயம் இருந்தால்தான், இருட்டுவதற்குள் அங்கே போய்விடலாமா, கால் நோகிறது இங்கேயே படுப்போமா என்ற கேள்விக்கு எடை வரும். முதல் இரவைத் திருகோணமலைக்குள்ளேயே வையுங்கள். கோட்டைப் பக்கம் படுத்தவர் சருகுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பினால் நிற்பது புள்ளிமான். சத்தம் கேட்கும், காவல்காரர் எழும்பிப் போய்ப் பார்ப்பார், பயப்பட ஒன்றுமில்லை. கேமின் விதியை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது பகடை. லோட் பண்ணி ஏமாற்றுவதைத் தடுக்க, பகடையை உருட்டும் நேரத்தை முன்னால் தள்ளுங்கள். படுக்கும் பொத்தானை அழுத்தும்போது உருட்டாமல், குழு அந்த நிலப்பரப்புக்குள் நுழையும்போதே அன்றிரவு என்ன வரும் என்று முடிவெடுத்துச் சேவ் கோப்பில் எழுதிவிடுங்கள். பிறகு அதற்கான அடையாளங்களை வழியில் போடுங்கள்: யானைப் பிண்டம், உரிந்த மரப்பட்டை, புற்று. கவனித்தவர் வேறு இடம் தேடுவார். கவனிக்காமல் படுத்து, அடிபட்டு, லோட் பண்ணித் திரும்பி வருபவரும் வேறு இடம்தான் தேட வேண்டும், ஏனென்றால் அதே இடத்தில் அதே யானை வரும். அவர் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு உங்கள் கேமை விளையாடுவார், இருந்துவிட்டுப் போகட்டும். 2012இல் வந்த எக்ஸ்காம் என்ற கேம் லோட் பண்ணினாலும் பகடையின் விதையை (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) மாற்றாமல் வைத்திருந்ததும் இதே குணம்தான். கோடோவில் ரேண்டம்-நம்பர்-ஜெனரேட்டர் பொருளை நீங்களே உண்டாக்கி, அதன் ஸ்டேட் மதிப்பை (வரிசையில் அது இப்போது நிற்கும் இடத்தை) சேவ் கோப்பில் போட்டு, லோட் ஆகும்போது திருப்பி வைத்தால் இந்தப் பகுதி முடிந்தது. தற்செயல் எண் தரும் பொதுவான ராண்ட்-எஃப் கட்டளையை மட்டும் நம்பியிருந்தால் முடியாது. கோடோ 4 ஒவ்வொரு தொடக்கத்திலும் விதையைத் தானே மாற்றிவிடும்.

வாய்ப்பு எண்ணையும் நிலையாக வைக்காதீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தில், 2014 அச்சில், இருபதுமுகப் பகடையில் 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏதோ ஒன்று எதிர்ப்படும் என்றிருக்கும், அதாவது 15 சதவீதம். நடத்துனர் மேசையில் முகங்களைப் பார்த்து, இன்றைக்குப் போதும் என்று பகடையை மூடிவிட முடியும். கணினிக்கு அந்தக் கண் இல்லை. அதற்குப் பதிலாக, தாக்குதல் வராத ஒவ்வோர் இரவும் வாய்ப்பு கொஞ்சம் ஏறி, வந்ததும் அடிக்கு இறங்குகிற மாதிரி வைக்கலாம். வார்கிராஃப்ட் 3 தன் தற்செயல் அடிகளுக்கு இப்படித்தான் செய்தது. அடுத்தடுத்து மூன்று இரவு தாக்குதல் வந்து ஒருவர் கேமை மூடிவிட்டுப் போவதும், பத்து இரவு ஒன்றுமே வராமல் காவல் வைப்பதை மறந்துவிடுவதும் இரண்டுமே குறையும். 5 சதவீதத்தில் தொடங்கி இரவுக்கு 10 ஏற்றிப் பாருங்கள் என்பேன். அந்த எண்களுக்கு ஆதாரம் எதுவும் என்னிடமில்லை, தொடங்க ஒரு எண் வேண்டும் என்பதற்காகச் சொல்வது. ஒரு முறை எழுப்பினால் அதே இரவில் இரண்டாம் தடவை எழுப்பாதீர்கள் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்.

கேட்காத ஒன்று. நீங்கள் அனுப்பிய விவரத்தில் இரவில் ஆயுதத்தோடு வந்து தாக்கும் கொள்ளையர் கூட்டமும் இருந்தது. கதை பழைய காலத்தில் நடக்கிறது என்பது தெரியும். ஆனாலும் உங்கள் கேமை விளையாடப் போகிறவர்களில் எங்கள் ஊர் ஆட்களும், அவர்களுடைய தாய் தகப்பனும் இருப்பார்கள். படுத்திருக்கிறவர்களை ஆயுதம் தூக்கியவர்கள் இரவில் வந்து எழுப்புவது அவர்களில் சிலருக்குக் கற்பனை இல்லை. வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வைப்பதென்றால் பகடையில் விழுகிற பத்தில் ஒன்றாக வைக்காதீர்கள். எப்போது, ஏன் என்று தெரிந்து ஒரு முறை எழுதுங்கள்.

கடைசியாகப் பால்டர்ஸ் கேட் தொல்லை. நிறுத்தலாம். நியர் இன்ஃபினிட்டி என்ற இலவசக் கருவியில் கேமின் கோப்புறையைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய பகுதியின் கோப்பில் ரெஸ்ட் என்கவுன்டர் என்ற பிரிவுக்குப் போங்கள். மேலே சொன்ன பட்டியலும் எண்களும் அப்படியே இருக்கும், அறைத்தோழரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பகல் வாய்ப்பு, இரவு வாய்ப்பு இரண்டையும் 0 ஆக்கிச் சேவ் பண்ணினால் மாற்றிய பிரதி ஓவர்ரைடு (override) கோப்புறையில் போய் உட்காரும். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, வேண்டாமென்றால் அந்தப் பிரதியை அழித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் ஏற்கெனவே கால் வைத்த பகுதிகளின் நிலை உங்கள் சேவுக்குள்ளேயே தனிப் பிரதியாக இருக்கும், கேம் அதைத்தான் வாசிக்கும். ஆகவே இந்த மாற்றம் இன்னும் போகாத பகுதிகளில் மட்டுமே வேலை செய்யும். பழையவற்றுக்குச் சேவ் கோப்பை அதே கருவியில் பிரித்து உள்ளே இருக்கும் பிரதியை மாற்ற வேண்டும், அதற்கு முன் சேவ் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.